24 ட்யூப் அக்ரிலிக் பெட்டி: அந்தி வானத்துக்கும் அம்மா முகத்துக்கும் தாங்குமா?

அக்ரிலிக் வரையத் தொடங்குபவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். 12 மில்லி ட்யூப் 24, நான்கைந்து பிரஷ், ஒரு பிளாஸ்டிக் பேலட், சிலவற்றில் கூடவே இரண்டு கேன்வாஸ் அட்டை. மாணவர் தரம், அதாவது நிறமி (நிறம் தரும் தூள்) அடர்த்தி குறைந்த வகை. மேலே எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி. அதனால் ஒரு பெட்டியைப் பிடித்து நட்சத்திரம் போடுவதைவிட, இந்த வகையையே எடைபோடுவது உபயோகமாக இருக்கும்.

எதை வைத்து எடைபோடுவது? எத்தனை நிறம் இருக்கிறது என்பதை வைத்து அல்ல. பொழுதுபோக்காக வரைபவரைப் பிரஷ் எடுக்கத் தூண்டுபவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்: அந்தி வானம், மழையில் நனைந்த தெரு, மரம் செடி, இரவு விளக்கு, வீட்டில் இருக்கும் ஒரு முகம். பார்த்தபோது மனதில் தைத்த அந்த ஒன்றை இந்த ட்யூப்களால் கேன்வாஸில் கொண்டுவர முடிகிறதா என்பதே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பழகிப் பார்க்க ஒருமுறை வாங்கலாம். தீர்ந்ததும் இதையே மறுபடி வாங்குவதுதான் வீண்.

ட்யூபைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். நல்ல தயாரிப்பு என்றால் நிறமியின் குறியீடு இருக்கும். பிபி 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். பிபி 15:3 தாலோ நீலம். பிஜி 7 தாலோ பச்சை. பிஆர் 122 குவினாக்ரிடோன் மெஜன்டா. பிபிஆர் 7 பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் போன்ற மண் நிறங்கள். பிடபிள்யூ 6 டைட்டானியம் வெள்ளை. குறியீடே இல்லாத பெட்டியும் நிறைய வருகிறது. அதற்கு அங்கேயே மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம். பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று இருந்தால், அந்த நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலை வேறு மலிவான நிறமியால் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஏமாற்று வேலை அல்ல. காட்மியம் என்ற விலை கூடிய நிறமிக்குப் பதிலாக வரும் காட்மியம் ஹியூ பல வேலைக்குப் போதும்.

குறியீடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் பெட்டியின் குட்டு வெளிப்படும். 24 பெயர்களுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப வருவது அதே சில நிறமிகள். வான நீலம் என்பது தாலோ நீலமும் வெள்ளையும். இளம்பச்சை என்பது தாலோ பச்சை, மஞ்சள், வெள்ளை. ரோஸ், பீச், லைலாக் எல்லாவற்றிலும் வெள்ளை. இப்படி ஏற்கெனவே கலந்த மூன்று ட்யூபை எடுத்து நீங்கள் ஒரு நிறம் கலந்தால், உண்மையில் ஐந்தாறு நிறமியும் மூன்று பங்கு வெள்ளையும் சேர்ந்துவிடுகின்றன. "கலந்தாலே சேறாகிறது" என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் கை அல்ல, ட்யூப்.

அடுத்த குறை அளவு. வெள்ளையும் 12 மில்லி, ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தொடாத வெள்ளி நிறமும் 12 மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மில்லி பெயின்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் பரப்பினால் 1,200 சதுர சென்டிமீட்டர் மூடும். அதாவது 30-க்கு 40 சென்டிமீட்டர் கேன்வாஸ் ஒன்றுக்கு ஒரே ஒரு பூச்சு. வானம் வரைபவருக்கு இரண்டாவது படத்திலேயே வெள்ளை தீர்ந்துவிடும். மற்ற ட்யூப்களில் பல மூடி திறக்காமல் கிடக்கும்.

இனி வானத்துக்கு வருவோம். இந்தப் பெட்டி அதிகம் திணறுவது அங்கேதான்.

அந்தியைப் பார்த்து மயங்கியவர் அடிவானத்தில் மஞ்சள், மேலே நீலம் என்று தீட்டி, நடுவில் இரண்டையும் இழைக்கப் பார்ப்பார். இழைத்த இடம் பச்சையாகிவிடும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? உண்மையான அந்தி வானத்தை உற்றுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, சாம்பல் கலந்த ஊதா என்று பட்டைகள் இருக்கும். அவைதான் பச்சையைத் தடுக்கும் வேலி. ஆகவே பிரஷ் எடுக்கும் முன்பே ஐந்து குவியல் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும்: வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள்; அதில் துளி சிவப்பு சேர்த்த ஆரஞ்சு; மெஜன்டாவும் வெள்ளையும், மஞ்சள் ஒரு பொட்டும்; மெஜன்டாவும் அல்ட்ராமரினும் வெள்ளையும் சேர்ந்த ஊதாச் சாம்பல்; கடைசியில் அல்ட்ராமரினும் வெள்ளையும். ஒவ்வொன்றும் அரை தேக்கரண்டி. மேலே சொன்ன அளவுக் கேன்வாஸுக்குச் சரியாக இருக்கும். பாதிக்கு மேல் வெள்ளைதான் போகும்.

நேரம்தான் எதிரி. அக்ரிலிக் என்பது நிறமியும், தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். மெல்லிய பூச்சு 10 முதல் 20 நிமிடத்தில் தொடும் பதத்துக்குக் காய்ந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் இன்னும் சீக்கிரம். பாதி காய்ந்த நிலையில் மறுபடி பிரஷ் போட்டால் மேல்தோல் உரிந்து, அடியில் கேன்வாஸ் திட்டுத்திட்டாகத் தெரியும். பிரஷ் இழுபட ஆரம்பித்தால் கையை எடுத்துவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு இழுப்பு" என்ற ஆசைதான் பல வானங்களைக் கெடுத்தது. அரை மணி நேரம் முழுதாகக் காயவிட்டு, இரண்டாவது பூச்சில் சரிசெய்யலாம்.

சமாளிக்க வழிகள் இருக்கின்றன. விசிறியை நிறுத்துங்கள். கேன்வாஸ் மேல் நுண்துளியாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை பிரஷ்ஷால் இரண்டு பட்டைகளைப் பூசி, காய்ந்த சுத்தமான இன்னொரு பிரஷ்ஷால் சேரும் இடத்தை மட்டும் குறுக்காக வருடுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவம் சேர்ப்பதானால் பெயின்டில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு தேக்கரண்டிப் பெயின்டுக்குப் பதினைந்து சொட்டுக்குள். அள்ளி ஊற்றினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுத்துத் தூசி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மெதுவாகக் காய்வதற்கென்றே செய்த வகைகளும் உண்டு. கோல்டன் நிறுவனத்தின் 'ஓப்பன்' அப்படிப்பட்டது. மெல்லிய பூச்சில் வானம் இழைக்க அருமை, கனமாக அப்புவதற்கு ஏற்றதல்ல.

இன்னொரு தொல்லை மறுநாள் வரும். நேற்றைய வானத்தில் ஒரு மூலையைச் சரிசெய்ய அதே நிறத்தைக் கலப்பீர்கள். ஈரத்தில் அச்சாகப் பொருந்தும், காய்ந்ததும் கறுத்த தழும்பாக நிற்கும். ஈரமாக இருக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் பால் மாதிரி வெள்ளையாக இருந்து நிறத்தை வெளுப்பாகக் காட்டுகிறது, காய்ந்ததும் கண்ணாடியாகிவிடுகிறது. ஆகவே ஒரு தாள் துண்டில் தொட்டு, ஹேர் டிரையரில் காயவைத்து, அந்தத் துண்டைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்த பிறகே பிரஷ்ஷைத் தொடுங்கள்.

பேலட் காய்வதற்கும் வைத்தியம் எளிது. மூடியுள்ள ஒரு தட்டை டப்பாவில் நனைத்த டிஷ்யூவை நாலு மடிப்பாக விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் ஒன்றைப் பரப்பி, அதில் பெயின்ட் வையுங்கள். மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பெட்டியோடு வரும் குழிவான பிளாஸ்டிக் பேலட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் பிரஷ் சாய்த்து வைப்பது.

பச்சைக்கு வருவோம். பெட்டியில் நாலைந்து பச்சை இருக்கும். ஒன்றும் இலை நிறத்தில் இருக்காது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாலோ பச்சை. அது மருந்து பாட்டில் பச்சை. வீரியமும் அதிகம், கடுகளவு போட்டால் ஒரு குவியலையே தின்றுவிடும். ட்யூபிலிருந்து நேராக எடுத்துப் பூசிய மரம் பிளாஸ்டிக் செடி போல நிற்பதற்கு அதுதான் காரணம். அதை அடக்க எதிர்நிறம் வேண்டும்: துளி பர்ன்ட் சியன்னா அல்லது மெஜன்டா. இன்னும் நல்லது, பச்சை ட்யூபை மூடி வைத்துவிட்டு நீங்களே கலப்பது. வெயில் பட்ட தளிருக்கு எலுமிச்சை மஞ்சளும் மிகச் சிறிது தாலோ நீலமும். நிழலில் முற்றிய இலைக்கு யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளும் அல்ட்ராமரினும். காய்ந்த புல்லுக்கு, நம்பக் கடினம், மஞ்சளும் கறுப்பும். கறுப்பு சேர்ந்த மஞ்சள் அழகான ஆலிவ் பச்சையாகும். ஒரு மரத்தில் இந்த மூன்றும் இருந்தால் போதும்.

மழைத் தெரு கேட்பது ஒளி ஊடுருவும் நிறங்களை. ஈரத் தார்ச்சாலையின் மினுமினுப்பு ஒரே பூச்சில் வராது. மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். இந்த மெல்லிய படலத்துக்குப் பெயர் கிளேஸ். பெயின்ட் ஒரு பங்கு, அதை நீர்க்கச் செய்யும் நிறமற்ற பளபளப்பான கிளேசிங் மீடியம் எட்டுப் பங்கு. ட்யூபில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். வெற்றுச் சதுரம் ஊடுருவும், பாதி நிரம்பியது நடுத்தரம், முழுக்கக் கறுத்தது மறைக்கும். பெட்டியில் வெள்ளை கலந்த ட்யூப் எதையும் இந்த வேலைக்கு எடுத்தால் தெருவில் மழைக்குப் பதில் பனிமூட்டம் விழும். தேறுபவை தாலோ நீலம், தாலோ பச்சை, மெஜன்டா அல்லது கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, அவ்வளவே.

மீடியத்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வது எல்லாரும் செய்யும் சிக்கனம். பெயின்டின் அளவுக்குச் சமமாகத் தண்ணீர் என்பது வரை பயமில்லை. அதற்கு மேல் போனால் பிணைக்கும் பிளாஸ்டிக் போதாமல், அடுத்த பூச்சின்போது கீழ்ப்பூச்சு கரைந்து எழும். வழவழப்பான தளத்தில் துளித்துளியாக உருண்டு நிற்கும். வரிசை இப்படி: முதலில் காய்ந்த தெருவாக நடுத்தரச் சாம்பல், காய்ந்ததும் விளக்குகளின் பிரதிபலிப்பை நேர் செங்குத்தாகக் கீழிறக்குங்கள், அதன்மேல் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த இருண்ட கிளேஸ் இரண்டு தடவை, கடைசியில் மட்டும் வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொரு படலமும் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். வானத்தில் வில்லனாக இருந்த அந்த வேகம், இங்கே வரம். ஒரே மாலையில் ஆறு படலம் ஏற்றலாம்.

இரவு விளக்குக்கும் இதே உத்தி. மஞ்சளில் வெள்ளை கலந்து விளக்கை வரைந்தால் மோர் நிறத்தில் சோகையாக இருக்கும். கெட்டியாக வெள்ளை வைத்து, காய்ந்ததும் மேலே மஞ்சள் கிளேஸ் ஒன்று ஓட்டுங்கள். ஒளி வெள்ளையில் பட்டு மஞ்சள் வழியாகத் திரும்புவதால் எரிகிற மாதிரியே இருக்கும். சுற்றியுள்ள இருட்டுக்குக் கறுப்பு ட்யூபை நம்ப வேண்டாம். மலிவான கறுப்பு மங்கலாகக் காய்ந்து, பக்கத்தில் சிலேட்டுப் பலகை மாதிரி சாம்பல் அடித்து நிற்கும். அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு. அல்லது தாலோ பச்சையும் மெஜன்டாவும். இரண்டுமே கறுப்பைவிட ஆழமாகத் தெரியும், குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ திருப்பவும் முடியும்.

இங்கே ஃபோன் பற்றி ஒரு வார்த்தை. பலருக்கு இன்று தூண்டுதல் என்பது ஃபோனில் எடுத்த படம். ஃபோன் பிரகாசமான வானத்தை வெளுக்கவைக்கும், நிழலை மொத்தமாக இருட்டாக்கும். அதைப் பார்த்து வரைபவர் நிழல் எல்லாவற்றுக்கும் கறுப்பைத் தேடுகிறார். கண்ணுக்கு அந்த நிழலில் நீலமும் ஊதாவும் தெரிந்திருக்கும். படம் எடுக்கும்போதே ஒரு தாளில் நிழல் என்ன நிறம், வானத்தின் எந்தப் பகுதி அதிக வெளிச்சம் என்று இரண்டு வரி குறித்துக்கொண்டால் அந்தத் தாள் ஃபோன் படத்தைவிட உதவும்.

முகம். இதில் பெட்டிக்குப் பூஜ்யம்தான். 'ஃப்ளெஷ் டின்ட்' என்ற ட்யூபில் வெளிறிய இளஞ்சிவப்பு இருக்கிறது. யாருடைய தோல் அது என்று தெரியவில்லை; மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது எந்த வகையிலும் உதவாது. அதில் பழுப்பைச் சேர்த்துக் கறுக்கவைத்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகும், ஏனென்றால் உள்ளே இருக்கும் வெள்ளையை எடுக்க முடியாது. மாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, யெல்லோ ஆக்கர் ஒரு பங்கு என்று தொடங்கி, நிழலுக்கு அல்ட்ராமரின், வெளிச்சத்துக்கு வெள்ளை சிறிது. கறுத்த தோலுக்கு பர்ன்ட் அம்பர், சிவப்பு, அல்ட்ராமரின். வெள்ளையைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் வெளிச்சம் அநேகமாக வானத்தின் நீலமாகவோ விளக்கின் ஆரஞ்சாகவோதான் இருக்கும், தோலின் வெளிறிய சாயலாக அல்ல. அம்மா முகம் பொம்மை முகமாகிப் போவது இந்த ஒரு இடத்தில்தான்.

பெட்டி நன்றாகத் தேறும் இடங்களும் உண்டு. வெயில் சுவர், கதவு, படிக்கட்டு என்று தட்டையான பரப்பும் கூர்மையான விளிம்பும் உள்ள காட்சிகளுக்கு மாணவர் தரமே தாராளம். அக்ரிலிக்கின் இயல்பே அதற்குப் பொருந்துகிறது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி கலிஃபோர்னியாவின் நீச்சல் குளங்களை அக்ரிலிக்கில் வரைந்ததை நினைத்துப் பாருங்கள். 1967-இல் அவர் தீட்டிய புகழ்பெற்ற குளக் காட்சியில், பரந்த நீலமெல்லாம் ரோலரால் சமமாகப் பூசியது; ஓரிரு நொடி எழுந்து அடங்கும் நீர்த் தெறிப்பை மட்டும் சிறு பிரஷ்களால் இரண்டு வாரம் வரைந்தார். விளிம்பு கூராக வர மாஸ்கிங் டேப் ஒட்டுபவர்கள் ஒரு படி தவற விடுகிறார்கள். டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் அடியில் இருக்கும் அதே நிறத்தையோ நிறமற்ற மீடியத்தையோ ஒருமுறை பூசிக் காயவிடுங்கள். கசிவதானால் அது கசிந்து அடைத்துக்கொள்ளும்; புது நிறம் உள்ளே போகாது.

கூட வரும் பிரஷ்கள் முடி உதிர்க்கும். நடுத்தரத் தட்டை சிந்தெடிக் பிரஷ் இரண்டு தனியாக வாங்கிவிடுங்கள். கேன்வாஸ் அட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் ஜெஸ்ஸோ, அதாவது பெயின்டுக்கு முன் பூசும் வெள்ளை அடித்தளப் பூச்சு, போதவில்லை. மேலே இரண்டு பூச்சு, முதலாவது நெடுக்காக, இரண்டாவது குறுக்காக, நடுவில் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து.

வெயிலில் நிறம் வெளுப்பதைப் பற்றிப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. ஒரு வெள்ளை அட்டையின் குறுக்கே அழியாத கறுப்பு மார்க்கரால் கோடு போடுங்கள். அதன்மேல் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு இழுப்பு. கோடு எவ்வளவு தெரிகிறதோ அந்த நிறம் அவ்வளவு ஊடுருவும். காய்ந்ததும் அட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் நிறுத்துங்கள். மண் நிறங்கள், அல்ட்ராமரின், தாலோ எல்லாம் அப்படியே இருக்கும். முதலில் காலை வாருவது மின்னும் ஃப்ளோரசன்ட் ரோஸும் ஆரஞ்சும். அவற்றைச் சுவரில் மாட்டும் படத்தில் தொடவே வேண்டாம்.

பெட்டிக்குப் பதில் எதை வாங்குவது? ஏழு ட்யூப். டைட்டானியம் வெள்ளை மட்டும் பெரியது, 120 மில்லியோ அதற்கு மேலோ. மற்றவை 60 மில்லி அளவில்: எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஆக்கர், குவினாக்ரிடோன் மெஜன்டா, அல்ட்ராமரின், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா. இதில் சிவப்பு எங்கே என்று கேட்கலாம். மெஜன்டாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. கொஞ்சம் அடக்கமான சிவப்புதான், பட்டுப்புடவைச் சிவப்பு வேண்டுமென்றால் எட்டாவதாக நாஃப்தால் சிவப்பு, பிஆர் 112, சேர்த்துக்கொள்ளுங்கள். கறுத்த தோல் நிறம் அடிக்கடி வரைபவருக்கு பர்ன்ட் அம்பரும் வேண்டும். கையில் காசு இடம் கொடுத்தால் மெஜன்டாவையும் நீலங்களையும் மட்டும் கலைஞர் தரத்தில் வாங்கலாம். நிறமி அடர்த்தி அதிகம் என்பதால் கொஞ்சத்தில் வேலை முடியும். மண் நிறங்களில் மாணவர் தரத்துக்கும் கலைஞர் தரத்துக்கும் வித்தியாசம் குறைவு, அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

ஏற்கெனவே பெட்டி வீட்டில் இருக்கிறதா? வெளிறிய ட்யூப்களை அடிப்பூச்சுக்குச் செலவழியுங்கள். வானத்துக்கு அடியில் பீச், பச்சைக்கு அடியில் ரோஸ். மேல்பூச்சின் இடுக்கில் அங்கங்கே எட்டிப் பார்க்கும்போது அது தரும் வெதுவெதுப்பை வேறு எதுவும் தராது. தங்கமும் வெள்ளியும் வாழ்த்து அட்டைக்கு. மூடிக்குள் பெயின்ட் காய்ந்து இறுகிவிட்ட ட்யூபைப் பிளையரால் திருகிக் கிழித்துக்கொள்ளாமல், மூடிப் பக்கத்தை ஐந்து நிமிடம் வெந்நீரில் தலைகீழாக நிறுத்தித் திறவுங்கள்.